கோணி ஊசியால் எழுதிய ஆறு எழுத்துகள்

நூம்பல்
9.11.2025

கலைவாணி அம்மாவுக்கு வேம்புலி எழுதுவது.

ஏழு முறை போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். என் கையால் நான் எழுதும் முதல் கடிதம் இது. முதல் கடிதமே சண்டைக் கடிதமாக அமைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். கோபம் இருந்தால் கை வேகமாக ஓடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. இதுவரை எழுதியதற்கே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

உன் பெங்களூர் விலாசம் லேபில் உன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. யாரையும் கேட்காமல் நானே படித்து எழுதிக்கொண்டேன். இதையும் தெரிந்துகொள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். சிலிக்கான் துண்டுகளை அளக்கப் பெங்களூர் போன ஆறாம் நாள் போனில் என்ன சொன்னாய்? "பூஜை போடறேன்னு மிஷினைக் கெடுத்துட்டீங்க, குங்குமம் உள்ள போயிருக்கு, என் நாலு வருஷம் போச்சு" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். வைத்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று நான் எங்கெங்கே பொட்டு வைத்தேன் என்று எழுதுகிறேன். பம்புக்கு ஒன்று. வாயு சிலிண்டருக்கு ஒன்று. படலம் படிய வைக்கும் அந்த எவர்சில்வர் உருளையின் கதவுக்கு வெளிப்பக்கம் ஒன்று. உன் நாற்காலிக்கு ஒன்று, அதை நீ கவனிக்கவில்லை. உருளைக்கு உள்ளே என் விரல் போகவில்லை. பதினொரு வருடமாக உன் கல்லூரி லேபில் துண்டுகளைக் கழுவி, தாங்கியில் பொருத்தி, உருளைக்குள் வைப்பவன் நான். நீ வந்த முதல் நாள் வெறும் கையோடு உள்ளே கை விடப் போனாய். கையைப் பிடித்து இழுத்துக் கையுறை கொடுத்தது யார்?

தப்பு என்னுடையது இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

என் மனைவி ராஜம்மா எட்டிப் பார்த்து, "லெட்டர் எழுதறியா, கோலம் போடறியா?" என்று கேட்கிறாள். அவளுக்குப் பொறாமை.

வேம்புலி


பெங்களூரு
15.11.2025

வேம்புலி ஐயாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் உறையின் மேல் என் பெயரைப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து என்று தெரிந்ததும் திறக்காமலே சிறிது நேரம் வைத்திருந்தேன். கோபத்தில் இருப்பவளுக்கு இப்படி ஒரு கடிதம் வரக்கூடாது.

குங்குமம் என்று கத்தியது அவசரம். மன்னியுங்கள். ஆனால் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. அதை உங்களுக்கு விளங்கும்படி எழுதுகிறேன். நீங்கள் சொல்லாமல் எனக்கு இது தீராது.

நிக்கல் காந்தத்தில் ஒட்டும். அதில் செம்பைக் கலக்கக் கலக்க அந்தக் குணம் குறையும். பாதிக்குப் பாதி செம்பு இருந்தால், சாதாரண வெயில் சூட்டில் அதற்குக் காந்தமே இருக்காது. இது எல்லாருக்கும் தெரிந்தது. நாம் சிலிக்கான் மேல் படிய வைத்தது அந்தப் பாதிக்குப் பாதிப் படலம். பூஜைக்கு முன் செய்த துண்டுகள் எதிலும் காந்தம் இல்லை. பூஜைக்குப் பிறகு செய்த ஆறு துண்டுகளிலும் இருக்கிறது. ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு. பின்பக்கம் 'இ' என்று நீங்கள் எழுதிய துண்டில்தான் மிக அதிகம்.

என் வழிகாட்டி தட்சிணாமூர்த்தி சாருக்குத் தலைகால் புரியவில்லை. அடியில் இருக்கும் சிலிக்கான்தான் இந்தப் படலத்துக்குக் காந்தத்தைக் கொடுக்கிறது, உலகத்தில் யாரும் பார்க்காதது என்கிறார். கட்டுரையும் எழுதிவிட்டார். அதில் என் பெயர்தான் முதலில். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை.

ஆனால் மின்தடை ஒத்துவரவில்லை. காந்தம் உள்ள படலம் என்றால், பக்கத்தில் ஒரு காந்தத்தைத் திருப்பும்போது அதன் மின்தடை கொஞ்சம் ஏறி இறங்க வேண்டும். இருபது முறை பார்த்துவிட்டேன். அசையவே இல்லை. காந்தம் அளக்கும் கருவி துண்டு முழுவதையும் ஆட்டிப் பார்க்கும். முன்பக்கம், பின்பக்கம், ஒட்டிய தூசி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும். மின்தடை அளக்கும் நான்கு முனைகள் படலத்தை மட்டும்தான் தொடும். ஒன்று இருக்கிறது என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது.

அந்த ஆறு துண்டுகளை எடுத்ததிலிருந்து உள்ளே வைத்தது வரை என்னென்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஒன்றையும் விடாதீர்கள். இன்னொன்று, பின்பக்கத்து எழுத்தை எதால் எழுதினீர்கள்?

கலைவாணி


நூம்பல்
21.11.2025

கலைவாணி அம்மாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் படித்தேன். கடினமாக இருந்தாலும் ஆக்னஸ் டீச்சரிடம் போகவில்லை. செப்டம்பரில் பஞ்சாயத்துப் பள்ளி முதியோர் வகுப்பில் பரீட்சை வைத்து எனக்குத் தேர்ச்சி கொடுத்தவர் அவர். இனியும் அவரிடம் போய் நின்றால் கொடுத்த தேர்ச்சிக்கு மரியாதை இல்லை.

எழுத்தைப் பற்றிக் கேட்டாயே, அதை முதலில் சொல்கிறேன். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

போன வருடம் நான் கழுவும்போது டப்பா கவிழ்ந்து உன் துண்டுகள் கலந்துபோயின. எல்லாம் ஒரே கருஞ்சாம்பல் நிறம், ஒரே அளவு. எது எது என்று எனக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. நீ என்னைத் திட்டவில்லை. நடைபாதையில் போய் நின்று அழுதாய். நான் துடைப்பத்தோடு தூணுக்குப் பின்னால் நின்றேன். இனி என் கையில் உன் துண்டு மாறக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனால் எனக்கு எழுத்து தெரியாதே.

தெரிந்ததும் முதல் வேலையாக அதைச் செய்தேன். சார் மேசை அறையில், துண்டில் கீறி எழுதும் வைரமுனைப் பேனா பூட்டியிருக்கும் இல்லையா, அதைக் கேட்டேன். துப்புரவு மேஸ்திரி டில்லிபாபு பக்கத்தில் இருந்தான். "கைநாட்டுக்கு வைரப் பேனா கேக்குதாம்பா!" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தான். சரி போடா என்று வந்துவிட்டேன். வீட்டில் கோணி ஊசி இருந்தது. சாக்கு தைத்த ஊசி, நல்ல உறுதி. அதைக் கொண்டு வந்தேன்.

முன்பக்கம் கண்ணாடி போல வழவழப்பு. அதைத் தொடவில்லை. பின்பக்கம் சொரசொரப்பு. அதில் எழுதினேன். லேசில் எழுத்து விழவில்லை. அழுத்தி அழுத்தி எழுதினேன். அ, ஆ நன்றாக வந்தன. 'இ' எனக்கு எப்போதும் வளைந்து கொடுக்காது. அதன் மேலேயே மூன்று தடவை எழுதினேன். பிறகு ஈ, உ, ஊ. எழுதிய பிறகு நீ சொல்லித் தந்த வரிசைப்படி கழுவினேன், காய வைத்தேன், இடுக்கியால் எடுத்துப் பொருத்தினேன். வேறு எதுவும் செய்யவில்லை.

ஆறு துண்டும் மாறவில்லை, பார்த்தாயா?

இங்கே விடாத மழை. செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறக்கப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். இந்தக் கடிதத்தை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போடுகிறேன்.

வேம்புலி


பெங்களூரு
26.11.2025

ஐயா,

இதை உட்கார்ந்து படியுங்கள்.

சிலிக்கான் ஊசியை விடக் கடினமானது. நீங்கள் அழுத்தி எழுதியபோது ஊசி சிலிக்கானைக் கீறவில்லை. அந்தச் சொரசொரப்பு அரம் போல உங்கள் ஊசியை ராவியிருக்கிறது. நீங்கள் பார்த்த எழுத்து, தேய்ந்து ஒட்டிய இரும்பு. எத்தனை கழுவினாலும் அது போகாது. முன்பக்கம் நாம் வைத்த படலம் ஒரு தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதன் பக்கத்தில், கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் இரும்புக் கோடே ஒரு மலை. நான் அளந்தது அந்த இரும்பைத்தான்.

அந்த எழுத்துகளை நான் அன்றே பார்த்தேன். வைரப் பேனாவைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்து, தனியாக நின்று சந்தோஷப்பட்டேன். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தவறில் பாதி என்னுடையது.

சாரிடம் சொல்லிவிட்டேன். "ஊசி கதையெல்லாம் யாரும்மா கேட்டா? கட்டுரை போகட்டும்" என்றார். நான் விடப் போவதில்லை. ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஏதோ இரும்புக் கருவி பட்டது என்று மட்டும்தான் எழுதுவேன். உங்கள் பெயரை எங்கேயும் எழுத மாட்டேன். நிர்வாகத்துக்குத் தெரிந்தால் உங்கள் வேலை போய்விடும்.

கலைவாணி


நூம்பல்
3.12.2025

கலைவாணி அம்மாவுக்கு,

நான்கு நாள் பேனாவைத் தொடவில்லை. ஊசியைக் கூரை மேல் எறிந்தேன். பிறகு ஏணி வைத்து ஏறி எடுத்து வந்தேன்.

ராஜம்மா, "லெட்டர் வந்த நாளா பேயறைஞ்ச மாறி கீற, இன்னா விஷயம்?" என்றாள். சொன்னேன். அவள் யோசித்துப் பார்த்து, "அறுபத்தெட்டு வயசுல எழுதக் கத்துகினு இன்னாய்யா சாதிச்ச? ஊசியத் தேய்ச்ச" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் சோறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை டில்லிபாபு வீட்டுக்கு வந்தான். பதினொரு வருடத்தில் முதல் முறை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"இன்னா நைனா, ஊட்ல கீறியா? ஒண்ணும் இல்ல, ஒரு கையெழுத்து. சாரு குடுத்தாரு" என்று ஒரு தாளை நீட்டினான். ராஜம்மா டீ வைத்தாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.

"படிக்கிறியா? அட, போடு நைனா. நேத்து வரைக்கும் ரேகைதான வச்சிகினு இருந்த?"

"நேத்து வரைக்கும் வச்சேன்டா. அதான் இன்னிக்குப் படிக்கிறேன்."

பதினொரு வருடம் அவன் நீட்டிய தாளில் எல்லாம் ரேகை வைத்தேன். அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். இந்தத் தாளை ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தேன். அவன் டீ ஆறிப்போனது. நடுவில், "நைனா, பொழுது சாயுது, பூந்தமல்லி பஸ்ஸு பூடும்" என்றான். நடந்து போ என்றேன்.

தாளில் இருந்தது இது: 'ஆய்வகத்தில் துப்புரவுப் பணி மட்டுமே செய்யும் நான், சிலிக்கான் துண்டுகளை எந்த நிலையிலும் தொட்டதோ, அவற்றின் மேல் எழுதியதோ இல்லை என்று உறுதி கூறுகிறேன்.'

படித்து முடித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். முழுத் தாளையும் யார் உதவியும் இல்லாமல் படித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

"நான் தொட்டேன்டா. நான்தான் எழுதினேன்."

"அது தெரியும் நைனா. உன்ன மாட்டி வுடக் கூடாதுன்னுதான் சாரு இத குடுத்தாரு. போட்டா நாளைக்கு டூட்டி. போடலன்னா வராத. அவ்ளோதான்."

"அப்ப வரல."

"எழுதப் படிக்கத் தெரிஞ்சிகினு கெட்ட நைனா நீ" என்று எழுந்துபோனான். டீயைக் குடிக்கவில்லை.

நான் தாளைக் கிழிக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

இப்போது உன்னோடு சண்டை. 'உங்கள் பெயரை எழுத மாட்டேன்' என்று சொல்ல நீ யார்? அறுபத்தெட்டு வருடம் எந்தத் தாளிலும் என் பெயரை நான் எழுதவில்லை. சார் சொல்கிறார், நான் எழுதவே இல்லையாம். நீ சொல்கிறாய், ஏதோ ஒரு இரும்புக் கருவி எழுதியதாம். அந்த எழுத்து தப்பான எழுத்துதான், ஆனால் அது என் எழுத்து. அதை இன்னொரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்:

'நூம்பலில் இருக்கும் வேம்புலி ஆகிய நான், அக்டோபர் மாதம் ஆறு சிலிக்கான் துண்டுகளின் பின்பக்கம் அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று கோணி ஊசியால் எழுதினேன். இ மூன்று தடவை. யாரும் சொல்லி எழுதவில்லை.'

யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டு.

வேம்புலி


பெங்களூரு
10.12.2025

ஐயா,

வேலை போனதை இப்படி ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

உங்கள் தாளைப் படமெடுத்து சாருக்கு அனுப்பினேன். "படிப்பறிவு இல்லாதவர் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு என் முடிவை மறுக்கிறாயா? அளந்து காட்டு" என்று பதில் வந்தது. நான் அடம்பிடித்தால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்றும் இருந்தது. தள்ளிப்போகட்டும்.

அளந்து காட்டத்தான் போகிறேன். இந்தப் பெட்டியில் ஏழு வெறும் சிலிக்கான் துண்டுகள் இருக்கின்றன. எந்தப் படலமும் இல்லை. ஆறில் அதே ஊசியால், அதே எழுத்துகளை, அதே போல எழுதுங்கள். திருத்தமாக எழுத முயல வேண்டாம். அன்றைக்கு எழுதியது போலவே எழுதுங்கள். ஏழாவதைக் கழுவ மட்டும் செய்யுங்கள். கழுவும் திரவமும் கையுறையும் உள்ளே இருக்கின்றன.

ஊசியைக் கூரையிலிருந்து எடுத்து வந்தீர்களே, அதற்கு நன்றி.

கலைவாணி


நூம்பல்
16.12.2025

கலைவாணி அம்மாவுக்கு,

எழுதிவிட்டேன். வீட்டில் ஒரே சுத்தம். ராஜம்மாவை அரை நாள் வெளியே உட்கார வைத்தேன். "ஊசிய வச்சிகினு ஊர உட்டு வெரட்டுறான்" என்று தெரு முழுக்கச் சொன்னாள்.

இந்த இரண்டு மாதத்தில் கை திருந்திவிட்டது. அ அழகாக வருகிறது. அதைக் கெடுத்து, பழையபடி அழுத்தி எழுதுவது கஷ்டமாக இருந்தது. 'இ' மட்டும் கஷ்டம் கொடுக்கவில்லை. அது இன்றைக்கும் சரியாக வரவில்லை. மூன்று தடவை.

ஏழாவது துண்டைக் கழுவி வைத்தேன். அதில் ஒன்றும் எழுதாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய வேலை.

வேம்புலி


பெங்களூரு
2.1.2026

வேம்புலி ஐயாவுக்கு,

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும்.

ஏழாவது துண்டில் காந்தம் இல்லை. மற்ற ஆறிலும் இருக்கிறது. படலமே இல்லாத வெறும் சிலிக்கானில், உங்கள் எழுத்து மட்டும் இருக்கும் துண்டுகளில்.

அதோடு முடியவில்லை. அக்டோபரில் செய்த ஆறு துண்டுகளில் ஏன் ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு என்று சார் இரண்டு பக்கம் விளக்கம் எழுதியிருந்தார். உருளைக்குள் எந்தத் துண்டு எங்கே இருந்தது, எங்கே படலம் கனமாகப் படிந்தது என்றெல்லாம். பழைய வரிசையையும் புதிய வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் 'இ' முதலிடம். அடுத்து ஊ. பிறகு ஆ, அ, ஈ. கடைசியில் உ. இரண்டும் ஒரே வரிசை ஐயா. எழுத்து எவ்வளவு நீளமோ அவ்வளவு இரும்பு. கருவி உங்கள் கையெழுத்தைத்தான் படித்திருக்கிறது. நாங்கள்தான் படிக்கவில்லை.

இரண்டு வரிசையையும் சேர்த்து வரைந்த ஒரு படத்தை மட்டும் சாருக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி வந்தது. உங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் எழுதிக் கேட்டேன். "அது நிர்வாகத்தின் முடிவு" என்றார். மறுபடி கேட்பேன்.

என் ஆய்வேட்டில் இது தனி அத்தியாயமாக வருகிறது. படலத்துக்குக் காந்தம் இல்லை என்பதும், இருப்பதாக நாங்கள் ஏமாந்ததும். ஊசியால் எழுதியவர் யார், வெறும் துண்டுகளில் எழுதித் தந்தவர் யார் என்று உங்கள் பெயரோடு எழுதியிருக்கிறேன்.

இத்துடன் ஒரு வைரமுனைப் பேனாவும் ஒரு துண்டும் வைத்திருக்கிறேன். வைரம் சிலிக்கானைக் கீறும், ஊசி போலத் தேய்ந்து ஒட்டாது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. பூட்டி வைக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

கலைவாணி


நூம்பல்
10.1.2026

கலைவாணி அம்மாவுக்கு,

உன் கடிதத்தை வாசலில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். 'இ முதலிடம்' என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். ராஜம்மா, "தப்பா எழுதினதுக்கு மொத எடமா?" என்றாள். அவளும் இப்போது ஆக்னஸ் டீச்சரிடம் போகிறாள். என்னை நம்பி இனி இருக்க முடியாதாம்.

எனக்காக நிர்வாகத்திடம் கெஞ்சாதே. கேட்பதாக இருந்தால் கேள், கெஞ்சாதே. செம்பரம்பாக்கத்தில் ஒரு கிடங்கு வாசலில் பகல் காவலுக்குப் போகிறேன். வரும் லாரியின் எண்ணையும் ஊரையும் நோட்டில் எழுத வேண்டும். சேரும்போது அங்கிருந்தவன் பழக்கத்தில் மைப்பெட்டியை நீட்டினான். பேனா கொடுடா என்றேன். டில்லிபாபு ஒரு நாள் அந்த வழியாக வண்டியில் வந்தான். "இன்னா நைனா, இங்க கீறியா?" என்றான். பேர் சொல்லு, எழுதணும் என்றேன். சொன்னான். அவன் பெயரையும் எழுதினேன், முழுசாக.

தட்சிணாமூர்த்தி சார் என்னைப் படிப்பறிவு இல்லாதவர் என்றது மனதில் இருக்கிறது. ஆய்வேட்டில் என் பெயரைத் தமிழில் போடு. அதில் அவர் கையெழுத்துப் போட்டுத்தானே ஆகவேண்டும்? படித்துவிட்டுப் போடட்டும்.

நீ அனுப்பிய வைரப் பேனாவால் அந்தத் துண்டில் எழுதினேன். வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கோணி ஊசியோடு மல்லுக்கட்டிய கைக்கு இது விளையாட்டு. 'வேம்புலி' என்று முழுப் பெயரும் எழுதியிருக்கிறேன். அழுத்தவில்லை. ஒரே தடவை.

துண்டு இந்த உறையில் இருக்கிறது. கருவியில் வைத்து அளந்து பார். ஒன்றும் காட்டக்கூடாது. காட்டினால் இந்த முறை தப்பு என்னுடையது இல்லை. எழுது, சண்டை போடலாம்.

வேம்புலி